நூலும் ஊசியும் இல்லாத கல்யாண உடை



தையற்கடைக்குப் போய், "எனக்கு ஒரு சட்டை வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட முடியுமா? தையற்காரர் விடமாட்டார். முழுக்கையா, அரைக்கையா, காலர் எப்படி, பை ஒன்றா இரண்டா என்று கேட்பார். தோளில் தொங்கும் நாடாவை எடுத்து மார்பு, கை, இடுப்பு என்று அளந்து குறித்துக்கொள்வார். துணியின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, ரசீதோடு சேர்த்துக் குத்தியும் வைப்பார். இத்தனையும் செய்தால்தான் சட்டை சரியாக அமையும்.

இப்போது துணியே இல்லாத ஒரு தையற்கடையைக் கற்பனை செய்யுங்கள். அங்கே நூல் இல்லை, ஊசி இல்லை, கத்தரிக்கோல் இல்லை. ஆனால் கல்யாண உடைகள் தயாராகின்றன. நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய பாணியில்கூடத் தயாராகின்றன. அவற்றை அணிபவர்கள் கணிப்பொறித் திரையில் நடமாடும் பொம்மை மனிதர்கள். இந்த வினோதக் கடையில் ஓர் உடை எப்படி உருவாகிறது? அங்கே சென்று உடை கேட்பவர் எவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? இவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

திரைக்குள் ஒரு குடும்பம்

'தி சிம்ஸ்' என்னும் கணிப்பொறி விளையாட்டு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளிவந்தது. அமெரிக்காவின் மாக்சிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வில் ரைட் இதை வடிவமைத்தார். இதில் சுட்டு வீழ்த்தவேண்டிய பகைவன் இல்லை. முந்தவேண்டிய வண்டி இல்லை. ஒரு குடும்பத்தை அமைத்து, வீடு கட்டிக் கொடுத்து, அவர்களைச் சமைக்கவும் உறங்கவும் வேலைக்குப் போகவும் மணம் முடிக்கவும் வைப்பதே விளையாட்டு. நம் வீடுகளில் சிறுவர்கள் சொப்பு வைத்து விளையாடுவார்களே, அதன் கணிப்பொறி உருவம் என்று சொல்லலாம். 2004-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் இந்தப் பொம்மை மனிதர்கள் வளர்ந்து முதுமையும் அடைகிறார்கள், தலைமுறைகள் தொடர்கின்றன. நான்காம் பதிப்பு 2014-இல் வந்தது.

ஆட்டக்காரர்களில் ஒரு சாரார் வரலாற்றில் ஆர்வம் கொண்டவர்கள். 1890-ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தைத் தொடங்கி, கொள்ளுப்பேரன் காலம்வரை பத்தாண்டு பத்தாண்டாக ஆடிச் செல்வோர் உண்டு. ஆனால் விளையாட்டோடு வரும் உடைகளில் பெரும்பாலானவை இக்காலத்தவை. 1890-இல் மணமேடைக்குப் போகும் பெண்ணை இன்றைய கவுனோடு அனுப்பினால் கதை கெட்டுவிடும் அல்லவா? ஆகவே அவர்கள், உடை உருவாக்கத் தெரிந்த மற்ற ஆட்டக்காரர்களுக்கு வேண்டுகோள் எழுதுகிறார்கள். "பழங்காலத்துக் கல்யாண உடை ஒன்று வேண்டும், வெள்ளையாக, நீளமாக, அழகாக இருக்க வேண்டும்." பல வேண்டுகோள்கள் இப்படித்தான் அமைகின்றன.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உடை ஆக்கமுடியுமா? உடை ஆக்குபவரின் மேசைக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

முக்கோணங்களால் ஒரு பாவாடை

கணிப்பொறிக்கு வளைவு என்றால் என்னவென்று தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெரிந்தவை புள்ளிகள். மூன்று புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம். ஆயிரக்கணக்கான முக்கோணங்களை விளிம்போடு விளிம்பாக ஒட்டினால் ஒரு கூடு. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையை மனித உடலைச் சுற்றி வளைத்துவிட்டதைப் போன்ற அந்தக் கூடுதான் உடை. இதை வலை என்றே அழைப்போம்.

வலை எவ்வளவு நெருக்கமாக இருக்கவேண்டும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். அகன்ற பாவாடை ஒன்றின் கீழ்விளிம்பு 100 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்று கொள்வோம். அதன் சுற்றளவு 314.2 செ.மீ. இந்த வட்டத்தினுள் 6 பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பலகோணத்தை வரைந்தால் அதன் சுற்றளவு 300 செ.மீ. மட்டுமே. 12 பக்கங்களானால் 310.6, 24 பக்கங்களானால் 313.3, 48 பக்கங்களானால் 313.9 செ.மீ. பக்கங்களை இரட்டிக்கும்தோறும் பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைவதைக் கவனியுங்கள். ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்கள்வரை சென்று 'பை'யின் மதிப்பை நெருங்கியது இதே வழியில்தான்!

அப்படியானால் பக்கங்களை ஆயிரம் ஆக்கிவிட்டால் என்ன? அங்கேதான் இடர்ப்பாடு. வலையைக் குறுக்கிலும் நெடுக்கிலும் இரு மடங்கு நெருக்கினால் முக்கோணங்கள் நான்கு மடங்காகிவிடும். திரையில் அசைவு தடையின்றித் தெரிய, கணிப்பொறி விநாடிக்கு 60 படங்கள் வரைகிறது என்று கொண்டால், ஒரு படத்துக்குக் கிடைப்பது விநாடியில் 60-இல் ஒரு பங்கு நேரம். கல்யாணத்துக்கு 20 விருந்தினர் வந்து, ஒவ்வொருவர் உடையிலும் 10,000 முக்கோணங்கள் இருந்தால், உடைகளுக்கு மட்டும் 2 லட்சம் முக்கோணங்கள். ஒவ்வோர் உடையிலும் ஒரு லட்சம் இருந்தால் 20 லட்சம்! விருந்தில் எல்லாரும் திக்கித் திக்கி நடப்பார்கள். ஆகவே உடை ஆக்குபவர் சிக்கனமாக இருக்கவேண்டும். அதோடு, தொலைவில் நிற்பவருக்கு நுணுக்கம் தேவையில்லை என்பதால், ஒரே உடையை நான்கு நிலைகளில், வரவரக் குறைவான முக்கோணங்களோடு ஆக்கித் தருகிறார்கள். தூரத்துப் பனைமரத்தின் ஓலைகளை நாம் எண்ணுவதில்லை அல்லவா? அதே தத்துவம்தான்.

வலை முக்கோணங்களால் ஆனதென்றால், பாவாடை வைரக்கல் போல் பட்டை பட்டையாகத் தெரியவேண்டுமே! ஏன் தெரிவதில்லை? இதற்கு 1971-இல் வழி கண்டவர் ஹென்றி கூரோ. அவர் அப்போது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். தம் மனைவியின் முகத்தில் கோடுகள் வரைந்து, அதையே பலகோண வலையாக்கிக் கணிப்பொறியில் ஏற்றினார். ஒவ்வொரு மூலையிலும் வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் கணக்கிட்டு, நடுப்பகுதியை ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குப் படிப்படியாக மாறுமாறு நிரப்பினார். பட்டைகள் மறைந்தன, கன்னம் வழவழப்பாயிற்று. இன்றும் திரையில் பாவாடையின் நடுப்பகுதி உருண்டையாகத் தோன்றுவதற்கு இந்தக் கருத்துதான் அடிப்படை. விளிம்பை மட்டும் உற்றுப் பாருங்கள்; பலகோணம் அகப்பட்டுக்கொள்ளும்.

விரித்த அட்டைப்பெட்டி

வலை தயார். ஆனால் அதில் நிறம் இல்லை, சரிகை இல்லை, பின்னல் இல்லை. அவற்றையெல்லாம் ஒரு தட்டையான படமாக வரைந்து வலையின்மேல் போர்த்துகிறார்கள். இம்முறையை 1974-இல் தம் ஆராய்ச்சியில் விளக்கியவர் எட்வின் கேட்மல். அவரும் யூட்டா பல்கலைக்கழகத்தவரே.

உருண்ட உடலின்மேல் தட்டையான படம் எப்படி ஒட்டும்? காலி அட்டைப்பெட்டி ஒன்றை மூலைகளில் வெட்டித் தரையில் விரித்துப் பாருங்கள். ஆறு முகங்களும் ஒரே தளத்தில் கிடக்கும். அந்த நிலையில் ஓவியம் தீட்டி, மீண்டும் மடித்தால் ஓவியம் பெட்டியைச் சுற்றிக்கொள்ளும். உடையையும் இப்படியே விரிக்கிறார்கள். முன்புறம் ஒரு துண்டு, பின்புறம் ஒரு துண்டு, கை ஒரு துண்டு. தையற்காரர் துணியில் வெட்டும் துண்டுகளை இவை ஒத்திருப்பது தற்செயல் அன்று. தட்டையான ஒன்றை உருண்ட உடலுக்குப் பொருத்தும் அதே சிக்கல்தான் இரண்டு இடத்திலும்.

இங்கும் இடம் அளவுக்குட்பட்டது. நான்காம் பதிப்பில் உடைப்படத்தின் வழக்கமான அளவு அகலத்தில் 1,024 புள்ளிகள், உயரத்தில் 2,048 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 21 லட்சம் புள்ளிகள். பெரிய எண் போலத் தோன்றும். ஆனால் உடல், சட்டை, பாவாடை, காலணி எல்லாம் இந்த ஒரே பரப்பைப் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். கைக்குட்டை அளவுத் துணியில் முழு உடையும் தைப்பதைப் போன்றது இது. நுண்ணிய பூவேலையைப் பாவாடை முழுதும் கேட்டால், இடமின்றிப் பூக்கள் மங்கிப் போகும். மார்பிலும் கைநுனியிலும் மட்டும் கேட்டால் தெளிவாக வரும்.

நிறத்தைச் சொல்வதிலும் கணக்கு உண்டு. கணிப்பொறி ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவையாகக் கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 256-ஐ மும்முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள்! "ஊதா வேண்டும்" என்று எழுதினால், இவற்றில் எந்த ஊதாவை அவர் எடுப்பார்?

நடந்தால் கிழியும் பாவாடை

கல்யாணப்பெண் சிலையாக நிற்கப்போவதில்லை. நடப்பாள், உட்காருவாள், ஆடுவாள். இதற்காகத் திரை மனிதருக்குள் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. உடையின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்பைப் பின்பற்ற வேண்டும், எத்தனை பங்கு பின்பற்ற வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும்.

இதையும் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். நடக்கும்போது இடதுகால் 30 செ.மீ. முன்னும், வலதுகால் 30 செ.மீ. பின்னும் போவதாகக் கொள்வோம். பாவாடையின் நடுவிலுள்ள ஒரு புள்ளிக்கு இரு கால்களிலும் பாதிப் பாதிப் பங்கு கொடுத்தால், +30-க்கும் -30-க்கும் சராசரி பூஜ்யம். புள்ளி நடுவிலேயே நிற்கும். இடப்பக்கப் புள்ளிக்கு இடதுகாலில் முழுப்பங்கு கொடுத்தால் அது 30 செ.மீ. முன்னே போகும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள புள்ளிகளுக்குப் பங்கைப் படிப்படியாக மாற்றினால் பாவாடை இயல்பாக அசையும். படிப்படியாக மாற்றாமல், இடப்பாதி முழுவதையும் இடதுகாலுக்கும் வலப்பாதி முழுவதையும் வலதுகாலுக்கும் கொடுத்துவிட்டாலோ, பாவாடை நடுவில் பிளந்து காற்சட்டை போல் ஆகிவிடும்!

நம் ஊர்ப் புடவைக்கும் இதே விதிதான். ஆறு கஜப் புடவையை முன்கொசுவம் வைத்துக் கட்டினால் அது இரு கால்களையும் சேர்த்து மூடுகிறது. பங்குகளைப் பாவாடைக்குப் போலக் கொடுக்கலாம். மடிசாராகக் கட்டும் ஒன்பது கஜப் புடவையில் ஒரு பகுதி கால்களுக்கிடையே போய்ப் பின்னால் செருகப்படுகிறது. ஆகவே ஓரளவு காற்சட்டையைப் போலப் பங்கிடவேண்டும். "கல்யாணப் புடவை வேண்டும்" என்று மட்டும் கேட்டால், உடை ஆக்குபவருக்கு இதில் எது என்று தெரியாது.

இந்த விளையாட்டில் உடை காற்றில் தானாகப் பறக்காது. தரையில் பட்டு மடியாது. எலும்புகள் இழுத்த இழுப்புக்கு மட்டுமே அசையும். மிக நீளமான பின்தொங்கல் கேட்டால் அது நாற்காலிக்குள்ளும் சுவருக்குள்ளும் ஊடுருவிச் செல்லும்.

சிறுமிக்கும் அதே உடை வேண்டுமானால் சுருக்கிக் கொடுத்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். வளர்ந்தவரின் உயரம் அவர் தலையைப்போல் ஏழு மடங்குக்கு மேல் இருக்கும்; சிறுவர்களுக்கு அந்த மடங்கு குறைவு. உடலின் விகிதமே வேறு என்பதால் வலையைப் புதிதாகவே அமைக்கவேண்டும். ஒரு வேண்டுகோள் இரண்டு வேலையாகிவிடும்.

'பழங்காலம்' என்றால் எந்தக் காலம்?

இதுவரை பார்த்தது கணிப்பொறியின் கட்டுப்பாடு. இனி வரலாற்றின் கட்டுப்பாட்டைப் பார்ப்போம். நம் வேண்டுகோளில் 'பழங்காலம்' என்றும் 'வெள்ளை' என்றும் இரு சொற்கள் இருந்தன. அவை சேர்ந்து நிற்குமா?

இங்கிலாந்தின் விக்டோரியா அரசி 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் ஆல்பர்ட் இளவரசரை மணந்தார். அவர் அணிந்தது வெண்ணிறப் பட்டு. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்த பட்டும், டெவன் பகுதியில் கையால் பின்னிய ஹானிடன் பூம்பின்னலும் அதற்குப் பயன்பட்டன. இயந்திரப் பின்னலின் போட்டியால் நலிந்திருந்த உள்நாட்டுக் கைத்தொழிலுக்கு ஆதரவு தருவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. உடையின் பின்தொங்கல் சுமார் 18 அடி. நம் ஆறு கஜப் புடவையின் நீளம்!

அதற்கு முன் இங்கிலாந்தின் அரசகுடும்பத்து மணப்பெண்களுக்கு வெள்ளி இழை உடையே வழக்கம். 1816-இல் மணந்த சார்லட் இளவரசியின் வெள்ளிச் சரிகை உடை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. சாதாரணக் குடும்பத்துப் பெண்களோ தம்மிடம் உள்ளவற்றில் மிக நல்ல உடையை, எந்த நிறமானாலும், அணிந்து மணந்தார்கள். பின்னர் அதையே விசேஷ நாட்களில் உடுத்தினார்கள். எளிதில் அழுக்காகும் வெள்ளை உடையை ஒரே நாளைக்காகத் தைப்பது வசதியுள்ளோருக்கே முடிந்தது. விக்டோரியாவுக்குப் பிறகும் வெள்ளை எல்லாரிடமும் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆக, "1850-இல் ஒரு விவசாயி மகளின் வெள்ளைக் கல்யாண உடை" என்று கேட்பது பெரும்பாலும் வரலாற்றோடு பொருந்தாத வேண்டுகோள்.

உடையின் காலத்தை நிர்ணயிப்பது ரசனை மட்டும் அன்று. வேதியியலும் பொறியியலும் கூட. 1856-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு லண்டனில் 18 வயது மாணவன் வில்லியம் ஹென்றி பெர்க்கின், மலேரியாவுக்கு மருந்தான குவினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றான். அனிலினைப் பொட்டாசியம் டைகுரோமேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்தபோது கிடைத்தது ஒரு கறுப்பு வண்டல். மற்றவர்கள் கொட்டிவிட்டிருப்பார்கள். அவன் அதை ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தான். அழகிய ஊதா! பட்டில் தோய்த்தால் நிறம் நிலைத்து நின்றது. அதுதான் 'மாவ்' என்னும் முதல் அனிலின் சாயம். 1858 ஜனவரியில் தம் மூத்த மகளின் திருமணத்துக்கு விக்டோரியா அரசி மாவ் நிற உடையில் வந்தார். நாகரிகப் பெண்களிடையே அந்நிறம் வேகமாகப் பரவியது.

அதே 1856-இல் எஃகு வளையங்களாலான பாவாடைக் கூண்டுக்கும் காப்புரிமை பெறப்பட்டது. அதற்குமுன் பாவாடை விரிந்து நிற்கப் பல உட்பாவாடைகளை அடுக்கி உடுத்தவேண்டியிருந்தது, கால்களுக்குச் சுமை. வளையக்கூண்டு வந்தபின் பாவாடை மேலும் அகன்றது, சுமை குறைந்தது. 1870-களில் அகலம் பின்னுக்கு ஒதுங்கி இடுப்பின் பின்புறம் புடைத்தது. 1890-களின் நடுவில் தோள்பக்கம் பலூன் போல் உப்பிய கைகள் வந்தன. இன்று நாம் சாதாரணமாக இழுத்து மூடும் 'ஜிப்' இன்றைய வடிவில் காப்புரிமை பெற்றது 1917-இல்தான். 1890-ஆம் ஆண்டு உடையின் முதுகில் ஜிப் வரையப்பட்டிருந்தால், அது அசோகர் கையில் கடிகாரம் கட்டியது போல!

உடைகளில் வரலாற்றின் துன்பமும் பதிந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் காரணமாக 1941 முதல் 1949 வரை பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு இருந்தது. 1947 நவம்பரில் மணந்த எலிசபெத் இளவரசியின் உடைக்கும் பங்கீட்டுச் சீட்டுகள் தேவைப்பட்டன. அரசு அவருக்கு 200 சீட்டுகள் கூடுதலாக அளித்தது. தங்கள் சீட்டுகளை அன்போடு அனுப்பிய பெண்களுக்கு அவற்றைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது; ஒருவர் சீட்டை மற்றவர் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 1943-இல் மணக்கும் பிரிட்டிஷ் பெண்ணுக்கு ஆட்டக்காரர் ஒருவர் பத்து கஜப் பட்டு கேட்டால், அந்தக் காலத்தின் உண்மை மறைந்துவிடும்.

பொய் சொல்லும் புகைப்படம்

"பழைய புகைப்படம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்து ஆக்குங்கள்" என்று சொல்லிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். கவனம் தேவை. 1851-இல் வந்த ஈரக் கொலோடியன் தட்டுகள் நீல ஒளியையும் ஊதா ஒளியையும் நன்கு உணர்ந்தன. சிவப்பை ஏறக்குறைய உணரவே இல்லை. ஆகவே வெளிர்நீல உடை அவற்றில் வெள்ளையாகத் தெரியும். செந்நிற உடை கறுப்பாகத் தெரியும்! 1860-களின் படத்தில் மணப்பெண் வெள்ளையில் நின்றால், அவள் உண்மையிலேயே வெள்ளை உடுத்தினாளா என்று அந்தப் படத்தால் மட்டும் சொல்லமுடியாது.

படத்தின் விவரமும் தவறாக இருக்கலாம். விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் சேர்ந்து நிற்கும் ஒரு புகைப்படம் அவர்களுடைய திருமணப் படம் என்று பல இடங்களில் காட்டப்படுகிறது. அது 1854-இல் ரோஜர் ஃபென்டன் எடுத்தது. திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்! 1840 திருமணத்துக்குச் சான்று, பாதுகாக்கப்பட்ட உடையும் ஜார்ஜ் ஹேட்டர் முதலிய ஓவியர்களின் ஓவியங்களுமே.

இன்னொன்று: படங்கள் பெரும்பாலும் முன்புறத்தையே காட்டும். ஆட்டக்காரரோ தம் மணப்பெண்ணை நாற்புறமும் சுற்றிப் பார்ப்பார். பின்புறத்துக்குச் சான்று இல்லாவிட்டால் உடை ஆக்குபவர் ஊகிக்கவேண்டி வரும்.

நல்ல வேண்டுகோள்

இப்போது நம் பழைய வேண்டுகோளைத் திருத்தி எழுதுவோமா?

"விளையாட்டு: தி சிம்ஸ், நான்காம் பதிப்பு. அணிபவர்: வளர்ந்த பெண், சிறுமிக்குத் தேவையில்லை. காலமும் இடமும்: இங்கிலாந்து, 1859, நடுத்தரக் குடும்பம். வடிவம்: வளையக்கூண்டின்மேல் அகன்ற பாவாடை, தரையைத் தொடும் நீளம், பின்தொங்கல் வேண்டாம். கை: முழங்கைக்குக் கீழே மணி போல் விரியவேண்டும். கழுத்து: மூடியது. மூடும் முறை: முன்புறம் பொத்தான்கள். நிறம்: மாவ், வேறு நிறமும் தரமுடிந்தால் பழுப்பு, சாம்பல். பூவேலை: கைநுனியில் மட்டும். முக்காட்டுத்துணி தனியாக இருந்தால் நல்லது. சான்று: அருங்காட்சியக உடைப் படங்கள் இரண்டு, முன்புறமும் பின்புறமும். மிக இன்றியமையாதது பாவாடையின் வடிவம். மற்றவற்றில் உங்கள் வசதிப்படி மாற்றலாம்."

கடைசி வரியைக் கவனித்தீர்களா? எதையும் முழுமையாகப் பிரதி எடுக்கமுடியாது. வலைக்கு எல்லை உண்டு; படத்துக்கு எல்லை உண்டு; எலும்புக்கு எல்லை உண்டு. எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்பவரே சொல்லிவிட்டால், ஆக்குபவரின் உழைப்பு வீணாகாது. இவர்களுள் பலர் ஊதியம் பெறாமல், ஓய்வு நேரத்தில் பல நாட்கள் உட்கார்ந்து ஆக்குபவர்கள். ஆகையால் அவர் "இயலாது" என்றால் அதை ஏற்றுக்கொள்வதும், ஒருவர் ஆக்கிய வலையை அவர் அனுமதியின்றி மாற்றிப் பிறருக்கு வழங்காதிருப்பதும் முறை.

விஞ்ஞானிகளும் இதையேதான் செய்கிறார்கள். வானிலையையோ, பாலத்தையோ, இதயத்தையோ கணிப்பொறியில் மாதிரியாக அமைக்கும்போது, உண்மையின் எந்தக் கூறு நமக்கு வேண்டும், அதற்குச் சான்று என்ன, எந்த அளவு பிழை பொறுக்கத்தக்கது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். கணிப்பொறி சொன்னதைச் செய்யும். தவறாகச் சொன்னால் தவறையே அழகாகச் செய்து காட்டும். ஆயிரக்கணக்கானோர் அந்த அழகைப் பார்த்து, அக்காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று நம்பியும் விடுவார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் பாட்டியின் கல்யாணப் படம் வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உடையை ஆக்கித் தரும்படி, உங்கள் பாட்டியைப் பார்த்தே இராத ஒருவருக்கு ஒரு வேண்டுகோள் எழுதுங்கள். எந்த ஆண்டு? எந்த ஊரில் நெய்தது? பட்டா, பருத்தியா? எத்தனை கஜம்? கரை எத்தனை விரல் அகலம்? எப்படிக் கட்டினார்கள்? பின்புறம் எப்படி இருந்தது? கறுப்பு வெள்ளைப் படமானால் நிறம் என்ன?

எழுதத் தொடங்கினால் உங்களுக்குத் தெரியாதவை எத்தனை என்பது புலப்படும். அவற்றுக்கு விடை படத்தில் இல்லை, பாட்டியிடம் இருக்கிறது. இன்றே போய்க் கேளுங்கள்.